பத்து ரூபாய்ப் பாதை

கடல் சூழ்ந்த அந்த நாட்டில் கார்த்திகை மழையும் வரவுசெலவுத் திட்டமும் ஒன்றாகவே வரும். மழையை எதிர்த்து யாரும் வாக்களிக்காததுபோலப் பாதுகாப்பு அமைச்சின் செலவுத் தலைப்பையும் அங்கே யாரும் தோற்கடித்ததில்லை. அந்தத் தலைப்பு விவாதத்துக்கு வரும் நாளில் வடகரையின் உறுப்பினர் அருளம்பலம் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, மேற்படி செலவில் பத்து ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். பத்து ரூபாயால் எந்தப் படையும் மெலியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு செலவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதைக் குறைக்கும்படி கேட்க வேண்டும் என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். கேட்கும் தொகை பத்து ரூபாயாக இருப்பதும் வழக்கம். பேசி முடித்ததும் "பிரேரணையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று சொல்லி உட்காருவதும் வழக்கம்.

அவர் பேசுவது எப்போதும் பனிச்சங்கரையைப் பற்றித்தான். யுத்த காலத்தில் ஊர்ச் சனங்களை ஒரு பகலில் எழுப்பி அனுப்பிவிட்டு, படை அங்கே வேலி போட்டது. யுத்தம் முடிந்தது, வேலி முடியவில்லை. ஊர்க்காரர் வேலிக்கு வெளியே முகாமில் தகரக் கொட்டில்களில் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றார்கள், தண்ணீர் மட்டும் அன்று வந்ததுபோலவே இன்றும் பவுசர் வண்டியில் குளோரின் மணத்தோடு வந்தது. அருளம்பலம் இதையெல்லாம் சொல்வார். சபை சாப்பாட்டுக்குப் போய்விட்டு வரும். அவர் திரும்பப் பெறுவார்.

அந்த ஆண்டு அவர் திரும்பப் பெறவில்லை. பெறத்தான் நினைத்தார். ஆனால் நேரம் முடிந்துவிட்டதென்று அவரது ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள், அவருடைய உதடுகள் வழக்கமான வாசகத்தைச் சொன்னபோது அது பக்கத்து ஆசனத்துக்குக்கூடக் கேட்கவில்லை. திரும்பப் பெறாத பிரேரணையை வாக்குக்கு விட்டாக வேண்டும். தவிசாளர் விட்டார். சாப்பாடு முடிந்து சாய்ந்திருந்த ஆளும் கட்சியினர், தவிசாளர் எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகியபடி "ஆம்" என்று முழங்கினார்கள். எதிர்க்கட்சியினரும் பழகியபடி "இல்லை" என்று கத்தி அருளம்பலத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். பாதுகாப்புச் செலவு பத்து ரூபாயால் குறைந்தது. சபை அடுத்த தலைப்பான மீன்பிடித் துறைக்குப் போயிற்று.

அதே பின்னேரம் பனிச்சங்கரை வேலியில் பத்து ரூபாய் அளவுக்குக் கம்பி இல்லாமற் போனது.

இடைவெளி பெரிதில்லை. ஒரு ஆள் நேராக நுழையலாம், சற்றுப் பருத்தவர் பக்கவாட்டில் திரும்பி நுழையலாம். படையினர் கம்பி கொண்டுவந்து கட்டினார்கள்; கட்டிய கம்பி அந்த அகலத்துக்குள் இல்லாமற் போனது. காவலுக்கு ஒருவனை நிறுத்தினார்கள். சீருடையும் சப்பாத்தும் துவக்கும் போய், உள்ளுடை வீட்டிலிருந்து கொண்டுவந்ததாகையால் அது மாத்திரம் மிஞ்ச, அவன் படைமுகாமுக்கு ஓடினான். நிலக்கண்ணி அகற்றுபவர்கள் வந்து பார்த்தார்கள். வேலியிலிருந்து கடல்வரை அதே அகலத்தில் ஒரு நேர்கோட்டில் கண்ணிவெடி ஒன்றும் கிடையாது என்றார்கள். அந்தக் கோடு அணிவகுப்புத் திடலைக் கீறிக்கொண்டு, படையின் கோழிப்பண்ணைக்குள் நுழைந்து வெளியேறி, தளபதியின் விருந்தினர் விடுதியின் ஒரு மூலையைக் கத்தியால் அரிந்த பாண்போலப் பிளந்துகொண்டு, மணலில் போய் முடிந்தது. நாட்டில் பாதுகாப்புச் செலவு இல்லாத நிலம் அது ஒன்றுதான் என்று முகாமில் பேசிக்கொண்டார்கள். யாரும் அதற்கு மேல் அதிசயப்படவில்லை. சபை குறைத்தது, குறைந்தது.

சனங்கள் அதற்குப் பத்து ரூபாய்ப் பாதை என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் நாளே இடைவெளிக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை வந்தது. பாதையின் முறைகளும் தாமாக உண்டாயின. காலையில் கடலை நோக்கித்தான் நடக்கலாம், பின்னேரம் முகாமை நோக்கித்தான் நடக்கலாம், ஏனென்றால் இருவர் எதிர்ப்பட்டால் விலக இடமில்லை, விலகினால் கண்ணிவெடி. ஒருவர் தம் வீட்டைக் கண்டு நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியிருந்தது. அதனால் தன் வீட்டு நேருக்கு நின்று பார்க்கும் உரிமை ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு என்று முறை வைத்தார்கள். முறைக்காரர் நின்றால் பின்னால் நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது, இருமலாம். பாதை ஓரத்தில் எட்டிய கையால் முருங்கைக் கீரை பறித்தவர்கள் இருந்தார்கள். தம் வீட்டுச் சுவரை ஒரு பக்கக் கன்னத்தால் தொட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பாதையிலிருந்து வெகுதூரம் உள்ளே வீடிருந்தவர்கள் வெறுமனே அந்தத் திசையைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார்கள்.

தலைநகரில் கவலை வேறாக இருந்தது. வேலிக்கம்பி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று அருளம்பலம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தேசியப் பாதுகாப்புக் கருதிப் பதிலளிக்க முடியாது என்றே அமைச்சு சொல்லி வந்திருந்தது. இப்போது அளவுநாடா வைத்திருக்கும் எவனும் பத்து ரூபாய்க்கு எவ்வளவு கம்பி வந்தது என்று அளந்துவிடலாம். அதனால் இடைவெளிக்கு அருகே அளவுநாடா கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. முகாமிலிருந்த இரண்டு தையற்காரர்கள் தொழிலுக்கு நூல் முடிச்சுக்களைப் பாவித்தார்கள். பாராளுமன்றத்தின் மேற்பார்வைக் குழு ஒன்று வந்து, இடைவெளியில் நுழைந்து படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போயிற்று. அதன் தலைவர் பருத்தவர், அவருக்கு வெளியே நாற்காலி போட்டார்கள்.

யோகமலரின் வீடு பாதையில் இல்லை, ஆனால் கிணறு பாதையை உரசிக்கொண்டிருந்தது.

அவளுடைய புருஷன் குலசிங்கம், கிணறு வெட்டிப் பிழைத்தவன், முகாமில் நடக்க முடியாமல் பாயில் கிடந்தான். அந்தக் கிணற்றை அவனே வெட்டியிருந்தான். பவுசர்த் தண்ணீரை அவன் குடித்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான், இவ்வளவு காலத்தில் ஒருமுறையும் சுளிக்க மறந்ததில்லை. பெரியாஸ்பத்திரி வைத்தியர் இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று சொன்ன நாளில் அவன் வேறெதையும் கேட்கவில்லை.

"இஞ்சரும், எனக்கு எங்கட கிணத்துத் தண்ணி ஒரு செம்பு வேணும்."

"வீட்டில வைச்சுப் பாக்கச் சொன்னவர். வீடு எங்க எண்டு அவரைக் கேட்டிருக்க வேணும்," என்றாள் யோகமலர்.

"வீட்டை விடும். செம்பைக் கொண்டு போம்."

அவளுடைய முறை வந்தபோது செம்போடு போனாள். கிணற்றைப் படையினர் இரும்புத் தகடு போட்டு மூடி, பற்றவைத்து, தண்ணீர் இறைக்கும் பம்பி பூட்டியிருந்தார்கள். அவளுடைய வீட்டை அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபமாக்கியிருந்தார்கள். பாதை கிணற்றுக் கட்டின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு போனதால், மூடியில் அந்த ஓரத்துக்கு உரிய இரும்பு இல்லாமற் போயிருந்தது. பிறை வடிவில் ஒரு பிளவு, நடுவில் ஒரு விரல் அகலம். கண்ணை வைத்துப் பார்த்தாள். அடியில் தண்ணீர் தெரிந்தது, தண்ணீரில் ஒரு பிறை வானம் தெரிந்தது, அந்த வானத்தை மறைத்துக்கொண்டு தன் கண்ணே தெரிந்தது. செம்பு போகவில்லை. பின்னால் நின்றவர் ஒரு மருந்துப் போத்தலைக் கொடுத்தார், அதுவும் போகவில்லை.

மண்டபத்துச் சமையற்காரன் நந்தசிறி என்ற சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தான். வறண்ட நாட்டுக்காரன், லீவு கிடைக்காமல் நாள் எண்ணுவதையும் விட்டுவிட்டவன். குழாயில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பாதையின் விளிம்பைத் தாண்டியதும் படையின் வாளி இல்லாமற் போனது, தண்ணீரும் சிந்தாமலே இல்லாமற் போனது, ஏனென்றால் அதை இழுத்த பம்பியின் டீசலும் பாதுகாப்புச் செலவு. மறுபடி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். விளிம்பைத் தாண்டிய கைகள் காய்ந்திருந்தன. அவன் தன் கைகளை அவளிடம் காட்டினான்.

"அம்மா, நான் இந்தத் தண்ணியிலதான் சோறு போடுறது. நல்ல தண்ணி."

"எனக்குச் சொல்லுறீரோ, தம்பி," என்றாள் அவள்.

அவன் சிரித்தான். "எங்கட வீட்டுக் கிணறு இதைவிட நல்லம்," என்றான்.

யோகமலர் யோசித்து, வரிசையின் கடைசி ஆளை முகாமுக்கு அனுப்பி, குலசிங்கம் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைக் கைக்குக் கை எடுப்பித்து, அதை நீளக் கிழித்து முடிந்து, பிளவுக்குள் இறக்கினாள். துணி தண்ணீரைத் தொட்டதும் பாரம் கையில் தெரிந்தது. இழுத்துச் செம்பில் பிழிந்தாள். வரும் வழியில் கல்லும் இரும்பும் பாதியை வழித்துவிட, ஒரு முறைக்குச் சில சொட்டு வந்தது. வெயில் ஏறி, வெயில் இறங்கி, பின்னால் நின்றவர்கள் குந்தியிருந்து வெற்றிலை போட்டு, யாரும் வாய் திறக்காமல் இருமி, செம்பு நிறைந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு கொண்டுவந்து புருஷனின் தலையைத் தூக்கிக் கொடுத்தாள். குலசிங்கம் ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"இதென்ன, சவுக்காரம் கரைச்சுக் கொண்டு வந்திருக்கிறீர்?"

"ஒரு நாள் முழுக்கப் பிழிஞ்சது. கையைப் பாருங்கோ."

"கை நல்ல கைதான். தண்ணிதான் பிழை. சாரம் தோய்ச்சு வைச்சிருந்ததோ?"

தோய்த்துத்தான் வைத்திருந்தாள். மனுஷன் எழும்பி நடந்தால் உடுப்பதற்கென்று சவுக்காரம் போட்டு, பவுசர்த் தண்ணீரில் அலசி, மடித்து வைத்திருந்தாள்.

"சவுக்காரமும் குளோரினும்," என்றான் குலசிங்கம். "எனக்குத் தெரியாதோ? அடுத்த முறை முதல் பிழிவெல்லாத்தையும் நிலத்தில ஊத்தும். துணி அந்தத் தண்ணியிலயே தோய்ஞ்சு சுத்தமாக வேணும். பிறகு பிழியும்."

"அடுத்த முறைக்கு எத்தினை குடும்பம் இருக்குத் தெரியுமோ?"

"நான் இருப்பன்," என்றான் அவன். "வேற என்ன வேலை எனக்கு."

மீதியை அவன் குடிக்கவில்லை. அவளும் கொட்டவில்லை. பக்கத்துக் கொட்டில்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, சவுக்காரம்தான், ஆனால் சவுக்காரத்துக்குக் கீழே கிணறு இருக்கிறது என்றார்கள்.

அவளுடைய இரண்டாம் முறைக்கு நாள் குறித்த வேளையில் தலைநகரிலும் ஒரு நாள் குறித்தார்கள். குறைந்துபோன பத்து ரூபாயை மீட்கக் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்றைப் பாதுகாப்பு அமைச்சர் கொண்டுவருகிறார் என்று செய்தி வந்தது. இரண்டும் ஒரே நாள். யோகமலர் அருளம்பலத்தின் அலுவலகத்துக்குப் போனாள். சுவரில் முகாம்காரர்கள் போட்ட மாலை காய்ந்து தொங்கியது. அதை அவர் கழற்றவும் இல்லை, பார்ப்பதும் இல்லை. எல்லாரும் அவரைத் திரும்பப் பெறாத வீரன் என்றார்கள். பெறத்தான் வாயெடுத்தேன் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"ஐயா, ஒரு நாள் பிந்தினாப் போதும்," என்றாள்.

"அவங்களிட்ட ஆள்பலம் இருக்கு, பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

"கதையுங்கோ. கதைச்சுக் கொண்டே இருங்கோ. பொழுதுபடுமட்டும்."

"எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் தருவாங்கள்."

"அதையெண்டாலும் முழுசாக் கதையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அதிகாலையே அவள் கிணற்றடிக்குப் போய்விட்டாள். சாரத்தை இறக்கினாள், இழுத்தாள், பிழிந்ததை நிலத்தில் ஊற்றினாள். மோந்து பார்த்தாள். சவுக்காரம். மறுபடி இறக்கினாள். பின்னால் நின்றவர் ஒரு சின்ன ரேடியோவைக் காதோடு பிடித்திருந்தார், நேரடி ஒலிபரப்பு. நந்தசிறி அன்று சீருடையைக் கழற்றிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சாரத்தைக் கட்டிக்கொண்டு பாதைக்குள் வந்து, துணியின் ஒரு நுனியைப் பிடித்துப் பிழிய உதவினான். அவளும் அவனும் எதிரெதிராக முறுக்க, தண்ணீர் மண்ணில் விழுந்து, மண் அதைக் குடித்துக் குடித்துக் கறுத்தது. மத்தியானம் தாண்டியபின் அவள் மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். துணி சுத்தமாகிவிட்டது. செம்பை நிமிர்த்தி வைத்தாள்.

ரேடியோவில் அருளம்பலம் பேசினார். ஒரு முழக் கம்பி என்ன விலை என்று கேட்டார். அன்று என்ன விலை, இன்று என்ன விலை என்று கேட்டார். பனிச்சங்கரையில் ஒரு மனுஷன் பாயில் கிடக்கிறான் என்றார். கிணற்றின் ஆழத்தையும் மூடியின் கனத்தையும் சொன்னார். பவுசரின் இலக்கத்தகட்டை வாசித்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமற் போனபோது முகாம்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு பெயரின் நடுவில் ஒலிவாங்கி நின்றது. தவிசாளர் கேட்டார். "ஆம்" என்று ரேடியோ இரைந்தது.

யோகமலர் முதல் பிழிவைச் செம்பில் விட்டு, துணியை மறுபடி இறக்கியிருந்தாள்.

வேலி முழுதாக மூடிவிடும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். மூடவில்லை. குறைத்தபோது போன கம்பி பழைய விலைக்கு வாங்கிய கம்பி. மீட்ட பத்து ரூபாய்க்கு இன்றைய ஒப்பந்த விலையில் ஒரு விரல் அகலம்தான் வந்தது. பாதை முழு நீளத்துக்கும் ஒரு விரல் ஒடுங்கியது, கிணற்றுப் பக்கமாக. தலைநகரில் உறுப்பினர்கள் செய்தி கேட்டு மேசைக்குக் கீழே தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் எவ்வளவு கேட்டால் மிச்சமும் மூடும் என்று நிதியமைச்சு ஒரு முறை கணக்குப் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கை வெளியிட்டால் கம்பியின் விலையும் வெளிவரும் என்பதால் விட்டுவிட்டது. இடைவெளியில் முகாம்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள், தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லாருக்கும் இலவசமாக ஊற்றினார்.

கிணற்று மூடியில் பிறை இல்லை. இரும்பு கட்டின் விளிம்புவரை வந்து நின்றது, சாரம் இரும்புக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தது. பாதி வெளியே, பாதி தண்ணீரில். யோகமலர் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஆனால் மறுநுனியில் தண்ணீரின் பாரம் கைக்குத் தெரிந்தது. நந்தசிறி ஓடிப்போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்து பாதைக்கு வெளியே, மூடியின் படைப்பக்கத்தில் நின்று நெம்பினான், மூடி அசையவில்லை. அதிகாரி கூப்பிட்டு என்னவென்று கேட்டபோது, கிணற்றில் பழந்துணி அடைத்திருக்கிறது என்றான்.

செம்பில் இருந்தது ஒரு வாய்த் தண்ணீர். அதைக் கொண்டுபோனாள். குலசிங்கம் வாயில் வாங்கி, விழுங்காமல் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருந்தான். கொட்டிலுக்கு வெளியே நின்றவர்கள் கதவடியில் கூடினார்கள். அவன் முகம் சுளிக்கவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"என்னண்டு சொல்லுங்கோவன்," என்றாள் யோகமலர்.

அவன் கண்ணைத் திறந்து வெறும் செம்பைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம்," என்றான்.

அதன்பின் அவன் பவுசர்த் தண்ணீருக்கு முகம் சுளிப்பதை நிறுத்திவிட்டான், அதுதான் யோகமலருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மிச்சத்தைக் குடிக்காமல் போவதாக எண்ணமில்லை என்று வைத்தியரிடம் சொன்னான், வைத்தியர் அப்படியே எழுதிக்கொண்டார். தன் முறை வரும் நாட்களிலெல்லாம் அவள் ஒரு விரல் ஒடுங்கிய பாதையில் பக்கவாட்டில் நடந்து போய், காய்ந்த நுனியைக் கையில் எடுத்து, மெல்ல இழுத்து, பாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இருந்தது. நுனியை வெட்டிவிட அதிகாரிகள் ஒருமுறை ஆளனுப்பினார்கள், கத்தி பாதைக்குள் வந்ததும் இல்லாமற் போனது.

மறு கார்த்திகையில் மழை வந்தது, வரவுசெலவுத் திட்டமும் வந்தது. பாதுகாப்புத் தலைப்பன்று ஆளும் கட்சியில் ஒருவரும் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆம்" எப்போது, "இல்லை" எப்போது என்று கொறடா எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்தபடி இருந்தார்கள். அருளம்பலம் எழுந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. பத்து ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று பிரேரித்தார். இன்றைய விலைக்கு அது ஒரு விரல் என்பது அந்தச் சபையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிணற்றையும் சாரத்தையும் பற்றிப் பேசினார். மணி அடித்தது.

"கௌரவ உறுப்பினரே, உங்கள் நேரம் முடிந்துவிட்டது."

"இன்னும் கொஞ்சம்," என்றார் அருளம்பலம்.

"முடிந்துவிட்டது. பிரேரணையைத் திரும்பப் பெறுகிறீர்கள்தானே?" என்று தவிசாளர் கேட்டார். இம்முறை ஒலிவாங்கியை நிறுத்த வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டிருந்தார், பதில் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக.

பனிச்சங்கரையில் மழை தூறிக்கொண்டிருந்தது, கொட்டிலில் குலசிங்கம் பாயில் காத்துக் கிடந்தான். அன்றைய முறைக்காரர் தம்முடைய முறையை யோகமலருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பாதை நெடுக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, பக்கவாட்டில் திரும்பி, ரேடியோவைக் கையிலிருந்து கைக்கு முன்னே அனுப்பிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை. மூடிக்கு அந்தப் பக்கம் நந்தசிறி சமையலைப் பாதியில் விட்டு வந்த கரண்டியோடு நின்றான்.

"இல்லை," என்றது ரேடியோவில் அருளம்பலத்தின் குரல்.

யோகமலர் செம்பைக் கட்டின்மேல் வைத்தாள். சாரத்தின் நுனியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, கால்களை ஊன்றி, இழுக்கத் தயாராக நின்றாள்.